எரிகிறதா, அரிக்கிறதா?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோர் கையில் கொடுக்கப்படும் சிகிச்சைச் சுருக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. மருந்துகளின் பெயர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், தோலைக் குறித்து எழுதப்படும் வரிகளில் ‘சேஃப்’ என்னும் வினைச்சொல் ஒன்று அவ்வப்போது தலைகாட்டும். செயற்கைக் கால் பொருத்திக்கொண்டவரின் குறிப்பிலும், படுக்கையில் இருக்கும் முதியவரைப் பற்றிய செவிலியர் குறிப்பிலும், நீரிழிவு நோயாளிக்கான காலணி அறிவுரையிலும் அதைக் காணலாம். அதன் முதலெழுத்தை ‘அச்சம்’ என்பதிலுள்ள சகரத்தைப் போல அழுத்தி ஒலிக்க வேண்டும். மெலிதாக ஒலித்தால், பாதுகாப்பு என்று பொருள்படும் வேறோர் ஆங்கிலச் சொல்லாகிவிடும். தமிழில் எழுதிக் காட்டினால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பொருளோ ஏறக்குறைய நேர்மாறு.

அகராதி இச்சொல்லுக்கு இரு பொருள் தருகிறது. ஒன்று, ஓயாத உராய்வினால் தோல் சிவந்து புண்படுதல். நடக்கும்போது தொடையும் தொடையும் உரசுவதும், சட்டைக் கழுத்துப்பட்டை பிடரியைத் தேய்ப்பதும், புதுச் செருப்பின் வார் காலைக் கடிப்பதும் இதில் அடங்கும். மற்றொன்று, ஒரு கட்டுப்பாட்டைப் பொறுக்கமாட்டாமல் உள்ளுக்குள் குமுறுதல். தோற்புண்ணும் மனக்குமுறலும் எப்படி ஒரே சொல்லில் குடியேறின என்பதை அறிய, அச்சொல்லின் பிறப்பிடத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே புண்ணும் இல்லை, உராய்வும் இல்லை. வெப்பம் மட்டுமே இருக்கிறது.

சூடாக்கும் சொல்

பழைய இலத்தீன் மொழியில் ‘காலேரே’ என்றால் வெதுவெதுப்பாக இருத்தல். ‘ஃபாக்கேரே’ என்றால் செய்தல். இரண்டும் சேர்ந்த ‘காலெஃபாக்கேரே’ என்னும் சொல்லுக்குச் சூடாக்குதல் என்பது பொருள். அது மக்கள் நாவில் தேய்ந்து பழைய பிரெஞ்சு மொழியில் ‘ஷோஃபே’ போன்ற வடிவத்தை அடைந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், ஆட்சியாளரின் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தன. அவ்வரிசையில் இதுவும் வந்து சேர்ந்து, 14ஆம் நூற்றாண்டில் ‘சூடாக்கு’, ‘சினமூட்டு’ என்னும் பொருள்களில் வழங்கியது. 15ஆம் நூற்றாண்டில் ‘தேய்த்துச் சூடாக்கு’ என்று பொருள் குறுகியது. மயங்கி விழுந்தவரின் கைகளை ஒருவர் பற்றித் தேய்க்கும் காட்சி பழைய ஆங்கில நாவல்களில் வரும்போது இவ்வினைச்சொல்தான் ஆளப்படும். நம் வீடுகளிலும் மயங்கியவரின் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சூடு பறக்கத் தேய்க்கிறோம். சொல் வேறாயினும் செயல் ஒன்றே. (நீரிழிவு உள்ளவர் மயங்கினால் தேய்ப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டா. உடனே இரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.)

தேய்த்தால் சூடேறும், அளவு மீறித் தேய்த்தால் தோல் உரியும். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இச்சொல் அந்த எல்லையையும் கடந்து, தேய்த்துப் புண்ணாக்குதல் என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. குளிர்ந்த கையைக் காக்க வந்த சொல் இவ்வாறுதான் காயத்தின் பெயராயிற்று. மூலப் பொருளாகிய வெப்பம் இன்றைய ஆங்கிலத்தில் ஓரிடத்தில் மட்டும் அப்படியே தங்கியிருக்கிறது. திருமண மண்டபங்களில் உணவு ஆறாமலிருக்க, அடியில் சிறு நெருப்புடன் வரிசையாக வைக்கப்படும் மூடியிட்ட பாத்திரத்தைச் சமையல் ஒப்பந்தக்காரர்கள் ‘சேஃபிங் டிஷ்’ என்கிறார்கள். அது எதையும் உரசுவதில்லை, சூடாக வைத்திருக்கிறது.

அச்சொல்லின் உறவினர் பலர் நம்மிடையே நடமாடுகின்றனர். கார் ஓட்டுநரைக் குறிக்கும் ‘ஷோஃபர்’ என்னும் சொல்லுக்கு முதற்பொருள் நெருப்பூட்டுபவர். தொடக்கக் கால வண்டிகள் நீராவியால் ஓடியபோது அப்பெயர் ஏற்பட்டது. எம் உணவியல் நிபுணர் எழுதித் தரும் பட்டியலிலுள்ள ‘கலோரி’யும் வெப்பத்தைக் குறிக்கும் ‘காலோர்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்னும் ரோமானிய ஆசிரியர், அழற்சியின் அடையாளங்களாகச் சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி ஆகிய நான்கைக் குறிப்பிட்டார். அவற்றுள் வெப்பத்துக்கு அவர் இட்ட பெயர் இந்தக் ‘காலோர்’தான். இன்றும் முதலாண்டு மருத்துவ மாணவர்கள் இந்நான்கையும் மனப்பாடம் செய்கின்றனர்.

தமிழில் இதற்கு நேரான சொல் எது?

‘உராய்தல்’, ‘உரசுதல்’ என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அவை செயலைச் சொல்கின்றன. தோல் படும் பாட்டைச் சொல்லவில்லை. பொருளின் வரலாற்றைக் கொண்டு பார்த்தால், இவ்வாங்கிலச் சொல்லுக்கு மிக நெருங்கியது ‘எரிச்சல்’ என்றே நான் கருதுகிறேன். எரி என்னும் நெருப்பிலிருந்து பிறந்து, தோலின் காந்தலையும் மனத்தின் சினத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல் அது. ‘தொடையிடுக்கில் எரிச்சலாக இருக்கிறது’ என்கிறோம். ‘அவன் பேச்சைக் கேட்டாலே எரிச்சலாக இருக்கிறது’ என்றும் சொல்கிறோம். இலத்தீனைக் கனவிலும் கேட்டிராத நம் முன்னோர், வெப்பம், தோல், சினம் என்னும் அதே மூன்று படிகளில் ஏறியிருக்கின்றனர்.

இதற்கு நேர் எதிரே தமிழ் இன்னொரு சொல்லை வைத்திருக்கிறது. அது ‘அரிப்பு’. கரையான் மரத்தை அரிக்கிறது. ஆற்று வெள்ளம் கரையை அரிக்கிறது. அதே வினைதான் தோலுக்கும் ஆகிறது. இங்கே நெருப்பில்லை. சிறிது சிறிதாகத் தின்னும் பல் இருக்கிறது. நமைச்சலுக்கு வழங்கும் ‘தினவு’ என்னும் சொல்லும் தின்னுதலோடு தொடர்புடையதே. ஆங்கிலத்திலும் இதற்கு இணை உண்டு. கவலைப்படுதலைக் குறிக்கும் ‘ஃப்ரெட்’ என்னும் வினைச்சொல் பழைய ஆங்கிலத்தில் விலங்கு இரையைத் தின்பதைக் குறித்தது. பின்னர் அரித்தலையும் உராய்ந்து தேய்தலையும் குறித்து, இறுதியில் மனத்தை அரிக்கும் கவலையாயிற்று. சொறியத் தூண்டும் உணர்வுக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் ‘இட்ச்’ என்னும் சொல்லோ இவற்றோடு உறவில்லாத தனிக்குடி. 1660இல் ஹாஃபன்ரெஃபர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், சொறியவேண்டும் என்னும் விருப்பத்தைத் தூண்டும் விரும்பத்தகாத உணர்வு என்று அரிப்புக்கு இலக்கணம் வகுத்தார். மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பாடநூல்கள் அந்த இலக்கணத்தையே ஆள்கின்றன. அதைவிடத் தெளிவாகச் சொல்ல எவராலும் இயலவில்லை போலும்.

இச்சொல்லாராய்ச்சி ஒரு மருத்துவருக்கு ஏன் என்று நீங்கள் கேட்கலாம். தோல் மருத்துவப் பிரிவில் நாங்கள் நாள்தோறும் பலமுறை கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘எரிகிறதா, அரிக்கிறதா?’ விடை எதுவோ அதற்கேற்பச் சிகிச்சையின் பாதை பிரிகிறது. இரண்டையும் ‘இரிட்டேஷன்’ என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லில் அடைத்துக்கொண்டு வருவோர் பெருகிவிட்டனர். ‘அலர்ஜி’ என்று தாமே பெயரிட்டுக்கொண்டு வருவோர் அதனினும் மிகுதி. தமிழ் கவனமாகப் பிரித்து வைத்ததைக் கடன்சொற்கள் கலந்துவிடுகின்றன என்பது என் வருத்தம்.

எரியும் இடுக்கு

உராய்வுப் புண்ணில் முதன்மையான உணர்வு எரிச்சல். நம் தோலின் மேற்புறத்தில் இறந்த உயிரணுக்களால் ஆன காப்படுக்கு ஒன்று இருக்கிறது. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாகப் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். உராய்வு முதலில் தேய்ப்பது இவ்வடுக்கைத்தான். அது தேய்ந்ததும் அடியிலுள்ள நரம்பு நுனிகளுக்குக் காவல் குறைகிறது. வியர்வையிலுள்ள உப்பு பட்டவுடன் காந்துகிறது.

ஈரம் இங்கே பெரும் பகைவன். வியர்வை வழுவழுப்பைத் தந்து உரசலைக் குறைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. சற்றே ஈரமான விரலால் கண்ணாடியைத் தேய்த்துப் பாருங்கள். விரல் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் ஊறிய தோல் அவ்வாறே எதிரிலுள்ள தோலைப் பற்றி இழுக்கிறது. ஊறிய அடுக்கு மென்மையாகிவிடுவதால் எளிதில் கிழியவும் செய்கிறது. தொடையிடுக்கு, அக்குள், மார்பின் அடிப்பகுதி, தொங்கும் வயிற்று மடிப்பு, பாலும் எச்சிலும் தேங்கும் குழந்தையின் கழுத்து மடிப்பு ஆகியவை இதற்கு வாய்ப்பான இடங்கள். மடிப்புகளில் ஏற்படும் இந்நிலைக்கு மருத்துவர்கள் இட்ட ‘இன்டர்ட்ரைகோ’ என்னும் பெயருக்கு ‘இடையில் தேய்தல்’ என்பது பொருள். இது புதிய துன்பமும் அன்று. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய ரோமானியரான கேட்டோ, வழிநடையாகச் செல்வோர்க்கு இப்புண் வராமலிருக்க மாசிபத்திரி இனத்துக் கசப்புச் செடியின் சிறு கொம்பொன்றை உடன் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அது பலன் தந்திருக்கும் என நான் நம்பவில்லை. ஆயினும் படைநடத்திய ஒருவர் தொடையிடுக்கை மறவாமல் எழுதியது பாராட்டத்தக்கது.

‘உடம்புச் சூடு, டாக்டர்’ என்று சொல்லி அமரும் நோயாளியை நான் மறுத்துரைப்பதில்லை. வெப்பம் உண்டு என்பதில் அவருக்கும் எனக்கும் வேறுபாடில்லை. அது இருக்கும் இடத்தில்தான் வேறுபாடு. கோழிக்கறியும் மாம்பழமும் உள்ளிருந்து கிளப்பிய சூடன்று அது. இரண்டு தோற்பரப்புகள் வியர்வையில் ஊறி ஒன்றையொன்று தேய்த்த சூடு. ஆகவே தொப்புளில் எண்ணெய் வைப்பதைக் காட்டிலும் இடுக்கை உலர்வாக வைப்பது பலன் தரும். வெந்நீர் வேண்டா; தண்ணீரால் கழுவி, துவாலையால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். பிறகு பெட்ரோலியம் ஜெல்லியையோ துத்தநாக ஆக்சைடு களிம்பையோ மெல்லிதாகத் தடவுங்கள். முன்னதற்கு அமெரிக்கரான செஸ்பரோ 1872இல் காப்புரிமை பெற்றார். மாரத்தான் ஓடுவோர் இன்றும் அதைத்தான் பூசிக்கொண்டு ஓடுகின்றனர். புடவைக்குள்ளும் வேட்டிக்குள்ளும் தொடையை மூடும் நீளத்தில் பருத்திக் காற்சட்டை அணிவது எளிய நல்வழி. முகப்பவுடரை இடுக்கில் கொட்ட வேண்டா. ஈரத்தில் அது உருண்டு மணல்போலாகி மேலும் தேய்க்கும். குழந்தையின் கழுத்தில் தூவினால் அதன் மூச்சிலும் கலக்கும்.

இவ்வளவும் செய்தால் சாதாரண உராய்வுப் புண் சில நாட்களில் ஆறிவிடும். ஒரு வாரமாகியும் ஆறாவிட்டால் அது வெறும் உராய்வன்று.

அரிக்கும் இடுக்கு

தொடையிடுக்கில் எரிச்சலைவிட அரிப்பே மேலோங்கி நின்றால் முதலில் ஐயுற வேண்டியது படர்தாமரை. விளிம்பு சிவந்து தடித்து, நடுப்பகுதி சற்றுத் தெளிந்து, வட்டமாகப் பரவும் பூஞ்சைத் தொற்று அது. வீட்டில் ஒருவருக்கு வந்தால் துவாலை, உடை வழியாக மற்றவருக்கும் தாவக்கூடும். இரவில் அரிப்பு மிகுந்து, விரலிடுக்குகளிலும் மணிக்கட்டிலும் பருக்கள் தோன்றி, வீட்டிலுள்ள மற்றவர்களும் சொறிந்துகொண்டிருந்தால் அது சிரங்காக இருக்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்க்கு மடிப்புகளில் வரும் வேறொரு பூஞ்சை, எரிச்சல் அரிப்பு இரண்டையும் தரும். செக்கச் சிவந்த திட்டைச் சுற்றித் துணைக்கோள்கள்போலச் சிறு புள்ளிகள் சிதறியிருக்கும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாப்பாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர்க்குப் பிறப்புறுப்புப் பகுதியில் இத்தொற்று வரும் வாய்ப்பு மிகுதி. அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுதல் கூடாது; எழுதித் தந்த மருத்துவரிடம் சொன்னால் போதும்.

பிழை நேர்வது மருந்துக்கடையில். ‘இரிட்டேஷன்’ என்று சொல்லிக் கேட்பவர்க்கு ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த களிம்புக் குழாய் ஒன்று கிடைத்துவிடுகிறது. பூசிய இரண்டாம் நாளே சிவப்பும் அரிப்பும் அடங்கும். நோயாளி மகிழ்கிறார். உண்மையில் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கியிருக்கிறது. பூஞ்சை அமைதியாகப் பரவிக்கொண்டிருக்கிறது. நிறுத்தியவுடன் முன்னிலும் கடுமையாகக் கிளம்பும். மீண்டும் அதே குழாய். சில மாதங்களில் வட்ட வடிவம் கலைந்து, கண்டறியவே கடினமான உருவத்தை நோய் எடுத்துவிடும். 1968இல் இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் இந்நிலைக்கு, மாறுவேடமிட்ட படர்தாமரை என்னும் பொருள்பட ஒரு பெயர் சூட்டினர். அரிதாகக் கண்டு வியந்து அவர்கள் பெயரிட்டதை நாங்கள் இன்று நாள்தோறும் பார்க்கிறோம். தொடையிடுக்கின் மெல்லிய தோலில் வீரியமிக்க ஸ்டீராய்டைத் தொடர்ந்து பூசினால், பிரசவத் தழும்பு போன்ற வரிகள் தோன்றும். அவை முற்றாக மறைவதில்லை. இருபது வயது இளைஞர் ஒருவர் அவ்வரிகளைக் காட்டி, இவை எப்போது போகும் என்று கேட்கும்போது சொல்ல நல்ல விடை எங்களிடம் இல்லை. 2018இல் இந்திய அரசு இத்தகைய பல ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, குழாயும் கடையில் கிடைக்கிறது.

நோயின் பெயரை மட்டும் நம்பிவிடலாகாது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ‘எக்சிமா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கொதித்துப் பொங்கி வெளிவருதல் என்று பொருள். பெயரில் அடுப்பே எரிகிறது. அந்நோயின் தலையாய அறிகுறியோ அரிப்பு. மாறாக, தமிழர் வைத்த ஒரு பெயர் மிகப் பொருத்தமானது. அக்கினியிலிருந்து வந்த ‘அக்கி’ என்னும் பெயர்தான் அது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டைபோல, முதலில் எரிச்சலும் வலியும் தோன்றி, இரண்டொரு நாளில் கொப்புளங்கள் கொத்தாக எழும். சின்னம்மை வைரசு பல்லாண்டுகள் நரம்பில் உறங்கி எழுந்து வருவதே அக்கி. காவியால் அக்கி எழுதும் வழக்கம் சிற்றூர்களில் இன்னும் உண்டு. எழுதுபவரை நான் குறைகூறவில்லை. வைரசை அடக்கும் மாத்திரைகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நற்பயன் மிகுதி. அக்கி எழுதிவிட்டுக் காத்திருக்கும் மூன்று நாட்களும் அந்த 72 மணி நேரமே. கண்ணருகில் வந்துவிட்டால் ஒரு நாளும் பொறுக்கலாகாது.

இடுப்புக் கயிறு

பல்லாண்டுகள் ஒரே இடத்தில் நிகழும் உராய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். புடவை கட்டும் பெண்களின் இடுப்பில், உள்பாவாடை நாடா அழுந்தும் கோட்டில், தோல் கறுத்துத் தடித்துச் சொரசொரப்பாக இருப்பதை வீட்டிலுள்ளவர்களே பார்த்திருப்பீர்கள். பெரும்பாலோர்க்கு அது அவ்வளவோடு நின்றுவிடும். மிக அரிதாகச் சிலருக்கு அக்கோட்டில் ஆறாத புண் ஏற்பட்டு, புற்றுநோயாக மாறியிருக்கிறது. பம்பாயைச் சேர்ந்த நோயியல் அறிஞர் கனோல்கர், வேட்டி கட்டுவோரின் இடுப்பில் தோன்றிய இவ்வகைப் புற்றுநோயைச் சூர்யாபாய் என்பவருடன் இணைந்து 1945இல் விவரித்தார். பிற்காலத்தில் புடவை அணிவோரிடமும் அது கண்டறியப்பட்டது. இதைப் படித்து எவரும் புடவையைத் துறக்க வேண்டியதில்லை. மெல்லிய கயிற்றுக்குப் பதிலாக அகன்ற பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். இறுக்கத்தைக் குறைத்து, கட்டும் இடத்தை அவ்வப்போது சற்று மேலும் கீழும் மாற்றுங்கள். அக்கோட்டில் ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணோ, வளரும் முடிச்சோ இருந்தால் காட்டுங்கள். சிறு திசுப் பரிசோதனை ஐயத்தைத் தீர்த்துவிடும். அம்மாவும் பாட்டியும் இதைத் தாமாக வந்து சொல்லமாட்டார்கள்; பிள்ளைகள்தாம் கேட்க வேண்டும்.

எரியாத உராய்வு

இதுவரை சொன்னவற்றுள் எரிச்சல் ஒரு துன்பம். அதுவே ஓர் அருளும் ஆகும். எரிவதால்தான் நாம் செருப்பைக் கழற்றுகிறோம், உடையைத் தளர்த்துகிறோம், கட்டிலில் புரண்டு படுக்கிறோம். எரியவேண்டிய இடத்தில் எரியாமற்போவதே எங்களை மிகவும் அஞ்சச் செய்கிறது.

நீரிழிவு நெடுங்காலம் கட்டுக்கடங்காமல் இருந்தால் கால் நரம்புகள் உணர்விழக்கின்றன. தொழுநோயாலும் அவ்வாறு நேரும். அப்போது உராய்வு நிகழும், தோல் தேயும், கொப்புளம் உடையும், ஆனால் எந்தச் செய்தியும் மூளைக்குச் செல்லாது. செருப்பு கடித்ததைக் கால் சொல்லாது. மாலையில் தரையில் படிந்த ஈரக்கறையைப் பார்த்து மனைவியோ மகளோ சொல்வார்கள். இந்நோயாளிகளிடம் ‘எரிகிறதா, அரிக்கிறதா’ என்று கேட்டால், ‘ஒன்றுமில்லை, டாக்டர்’ என்று நிம்மதியோடு விடையளிப்பார்கள். அந்த நிம்மதியை நாங்கள் நம்புவதில்லை. தூண்டில் நரம்பு போன்ற நைலான் இழையொன்றால் உள்ளங்காலில் சில இடங்களைத் தொட்டு, கண்களை மூடிக்கொண்டு தொட்ட இடத்தைச் சொல்லச் சொல்வோம். சரியான இழை 10 கிராம் அழுத்தத்தில் வளையும். அதை உணராத கால், முள்ளையும் உணராது, சூட்டையும் உணராது. அத்தகைய காலுக்கு வெந்நீர் ஒத்தடம் அறவே கூடாது.

அவர்களுக்குக் கண்ணே நரம்பாக வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் இரவும் பாதத்தை விளக்கொளியில் பாருங்கள். குனிய இயலாதவர் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். பார்வை மங்கியவர்க்கு வீட்டார் பார்க்க வேண்டும். எம்.சி.ஆர். எனப்படும் மென்ரப்பர் அடித்தளமும், பின்வாரும் உள்ள காலணியே ஏற்றது. கட்டைவிரல் இடுக்கில் பட்டை ஏறும் செருப்பு ஏற்றதன்று. புதுக் காலணியை முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றி, தோல் சிவந்த இடம் உண்டா என்று பாருங்கள். பிறகு நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம். காலணிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்த பின்பே காலை நுழையுங்கள். ஒரு புளியங்கொட்டை போதும், விரலை இழப்பதற்கு.

தோல் மருத்துவப் பிரிவுக்கு வரும்போது, ‘அலர்ஜி’ என்றோ ‘இரிட்டேஷன்’ என்றோ சொல்லி நிறுத்திவிடாமல், வீட்டில் எந்தச் சொல்லால் அதைச் சொன்னீர்களோ அதையே எங்களிடமும் சொல்லுங்கள். எரிச்சல், காந்தல், நமைச்சல், அரிப்பு, குத்தல், மரத்துப்போதல் ஆகிய ஒவ்வொன்றும் எங்களுக்கு வெவ்வேறு செய்தி. இரவில் மிகுமா, வியர்த்தால் மிகுமா, வீட்டில் வேறு யாருக்கேனும் உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதுவரை பூசிய களிம்புக் குழாய்களை, காலியானவை ஆயினும், ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். காலில் புண் உள்ளவர்கள் மரியாதை கருதிச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிறீர்கள். அதையும் கையோடு உள்ளே கொண்டு வாருங்கள். நாங்கள் முதலில் பார்க்க விரும்புவது அதைத்தான்.